ஜவ்வு விலகிய நாய்க்கு ஆபரேஷன்: டெபாசிட்டை உடைப்பதா, கடன் வாங்குவதா?

கேள்வி: எங்கள் ரோஸிக்கு 9 வயது. டாஷண்ட் வகை, 11 கிலோ. ஒரு வாரத்துக்கு மேலாக முதுகைத் தொட்டாலே கத்துகிறாள். பின்னங்கால்கள் பின்னுகின்றன, ஆனால் நடக்கிறாள். முதுகெலும்பு ஜவ்வு விலகியிருக்கிறது, இப்போதைக்கு மருந்தும் கூண்டு ஓய்வும் போதும், மோசமானால் எம்ஆர்ஐ எடுத்து ஆபரேஷன் என்கிறார் டாக்டர். 2 கிலோ எடை கூடுதல் என்றும் சொன்னார். தனியார் மருத்துவமனை கொடுத்த எஸ்டிமேட் 1.75 லட்சம் ரூபாய். எனக்குக் கைக்கு வரும் சம்பளம் 61,000. வாடகை 14,000, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி 6,000. வங்கியில் 3 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட், 24 மாதத்துக்கு 7 சதவீதத்தில் போட்டு 10 மாதம் ஆகிறது. சேமிப்புக் கணக்கில் 80,000 இருக்கிறது, அதில் 65,000 ஜூலையில் மகளின் கல்லூரிக் கட்டணம். டெபாசிட்டை உடைக்கவா, பர்சனல் லோன் எடுக்கவா, கிரெடிட் கார்டில் தேய்க்கவா? 'வயசான நாய்க்கு இவ்வளவா, ஊசி போட்டு முடித்துவிடு' என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொளத்தூர், சென்னை

பதில்: மூன்றுமே வேண்டாம். டெபாசிட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் 2 லட்சம் ரூபாய்க்கு ஓவர்டிராஃப்ட் வசதியை (டெபாசிட்டை அடமானமாக வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) இந்த வாரமே திறந்து வையுங்கள். பணத்தை எடுக்க வேண்டாம், திறந்து மட்டும் வையுங்கள். எடுக்காத பணத்துக்கு வட்டி கிடையாது.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் நோயிலேயே இருக்கிறது. ஜவ்வு விலகலை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். வலி மட்டும் இருந்தால் முதல் நிலை. தள்ளாடினாலும் தானே நடந்தால் இரண்டாவது. ரோஸி இப்போது இங்கே இருக்கிறாள். நடக்க முடியாமல் காலை மட்டும் அசைத்தால் மூன்றாவது. அசைவே இல்லை, ஆனால் விரலை அழுத்திக் கிள்ளினால் வலி தெரிகிறது என்றால் நான்காவது. அந்த வலியும் தெரியாவிட்டால் ஐந்தாவது. கிள்ளும்போது காலை இழுத்துக்கொண்டால் மட்டும் வலி தெரிகிறது என்று அர்த்தமில்லை, அது அனிச்சைச் செயலாக இருக்கலாம். திரும்பிப் பார்க்க வேண்டும் அல்லது கத்த வேண்டும். வலி உணர்வு இருக்கும்போது ஆபரேஷன் செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் வரை மீண்டும் நடக்கின்றன. உணர்வு போன பிறகு செய்தால் ஏறத்தாழ பாதிதான். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு இறங்க சில சமயம் சில மணி நேரமே ஆகும், அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரியாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் லோன் ஆப்பில் தேடவும் முடியாது, அடகுக்கடை திறந்தும் இருக்காது. அதனால் பணம் தயாராக இருக்க வேண்டும், ஆனால் இன்றே செலவாகக் கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். டெபாசிட் மீதான கடனுக்கு வட்டி, பெரும்பாலான வங்கிகளில் டெபாசிட் வட்டியைவிட 1 முதல் 2 சதவீதம் கூடுதல். தொகையில் 90 சதவீதம் வரை தருவார்கள் என்பதால் 3 லட்சத்துக்கு 2.7 லட்சம் வரை கிடைக்கும், 2 லட்சம் கேளுங்கள். 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, நிலைமை மோசமாகி முழு 1.75 லட்சத்தையும் எடுக்கிறீர்கள் என்று பார்ப்போம். எஸ்ஐபியை நிறுத்தி வைத்து அந்த 6,000 உடன் 4,000 சேர்த்து மாதம் 10,000 கட்டுங்கள். டெபாசிட் முதிரும் 14வது மாதத்தில் ஏறக்குறைய 46,000 பாக்கி இருக்கும், முதிர்வுத் தொகையில் அதை அடைத்துவிடலாம். மொத்த வட்டி சுமார் 10,800 ரூபாய். அதே காலத்தில் உங்கள் 3 லட்சமும் 7 சதவீதம் ஈட்டிக்கொண்டிருக்கும்.

உடைத்தால் என்ன ஆகும்? 24 மாத வட்டி கிடைக்காது. 10 மாத டெபாசிட்டுக்கு அன்று இருந்த விகிதத்தைக் கொடுத்து, அதிலும் அபராதமாக அரை முதல் ஒரு சதவீதம் கழிப்பார்கள். அது 6 சதவீதமாக இருந்து 1 சதவீதம் கழித்தால் கையில் 5 சதவீதம். இதுவரை சேர்ந்த வட்டியிலேயே 5,000 ரூபாய் போய்விடும். கடனில் நீங்கள் உண்மையில் இழப்பது இரண்டு வட்டிக்கும் இடையிலான ஒரு சதவீத வித்தியாசம்தான், அது 14 மாதத்துக்கு ஆயிரத்து சொச்சம். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வரித் திட்டத்தில் வரி வராது என்பதால் டெபாசிட் வட்டி வரியில் கரையும் என்ற கவலையும் இல்லை.

பர்சனல் லோன் 14 சதவீதத்தில் 24 மாதத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 8,400, மொத்த வட்டி சுமார் 26,600. செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் ஜிஎஸ்டி சேர்த்து இன்னும் 4,130. கார்டை நினைத்தே பார்க்காதீர்கள். மாதம் 3.5 சதவீத வட்டியில் 1.75 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 6,125, அதன் மேல் ஜிஎஸ்டி 1,102. குறைந்தபட்சத் தொகையாக 8,750 கட்டினால் அசலில் குறைவது 1,500 ரூபாய் சொச்சம். நகைக்கடன் இதைவிட நல்லது, ஆனால் உங்களுக்கு அது இரண்டாம் வரிசை. மகளின் 65,000-ஐ எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், வேறு கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது.

வங்கிக்குப் போகும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். வரிச்சலுகைக்காகப் போட்ட ஐந்தாண்டு டெபாசிட்டை அடமானம் வைக்க முடியாது. உங்களுடையது 24 மாதம் என்பதால் சிக்கலில்லை. டெபாசிட் இருவர் பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தனிப் பெயரில் இருந்தால் பல வங்கிகளில் நெட் பேங்கிங்கிலேயே சில நிமிடங்களில் திறந்துவிடலாம்.

ஆபரேஷன் தேவைப்படாமலே போக அதிக வாய்ப்பு தருவது கூண்டு ஓய்வுதான். இதற்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும். குறைந்தது நான்கு வாரம், எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டு அல்லது தடுப்பு. சிறுநீர், மலத்துக்கு மட்டும் வெளியே, அதுவும் வயிற்றுக்கு அடியில் துண்டு கொடுத்துத் தாங்கியபடி. கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு மார்போடு மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். பலர் தவறுவது இரண்டாவது வாரத்தில்: மருந்தில் வலி குறைந்ததும் நாய் துள்ளும், 'சரியாகிவிட்டது' என்று திறந்துவிடுவார்கள். ஜவ்வைச் சுற்றியுள்ள நார்ப்பகுதி அதற்குள் ஆறியிருக்காது, அந்தத் துள்ளலிலேயே மீதி ஜவ்வும் பிதுங்கிவிடலாம். சோபா, கட்டில், மாடிப்படி மூன்றும் இனி கிடையாது. நம் வீட்டு டைல்ஸ் தரை வழுக்குவதும் பெரிய பிரச்சினை. நடக்கும் வழியில் ரப்பர் பாய் போடுங்கள், சில நூறு ரூபாயில் முடியும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பகுதிக்கு அடியில், முதுகு மட்டமாக இருக்க வேண்டும். தைலம் தேய்த்து நீவி விடுகிறேன் என்று யார் வந்தாலும் அனுமதிக்காதீர்கள். ஆட்டோவில் போனால் பலகை மேல் படுக்கவைத்து, வேகத்தடைகளில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

கூண்டைக் காற்றோட்டமான இடத்தில், மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். நாள் முழுக்க ஏசி ஓடினால் இரண்டு மாத மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டலாம், தாண்டினால் கீழ் அடுக்குச் சலுகையும் போய் பில் எகிறும்.

மருந்தில் பணம் மிச்சமாகும் இடம் உண்டு, ஆபத்தும் உண்டு. நரம்பு வலிக்கு எழுதும் காபாபென்டின் மனிதர்களுக்கும் தருவதுதான். டாக்டரிடம் மூலப்பெயரில் எழுதி வாங்கினால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ இருப்பைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கடையில் பல சமயம் கூட்டு மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். பெயருக்குப் பின்னால் 'என்டி' என்று இருந்தால் அதில் நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து சேர்ந்திருக்கும், அது வேண்டாம். திரவ மருந்தில் இனிப்புக்கு சைலிட்டால் கலந்திருந்தால் நாய்க்கு விஷம். டாக்டரைக் கேட்காமல் காபாபென்டினைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்தும் ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம், அதற்கான சிகிச்சைச் செலவு தனி. ஒரு டாக்டரிடமிருந்து இன்னொருவரிடம் போனால் முந்தைய சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் ஐப்ரூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். 9 வயது என்பதால் வலி மருந்து நீண்ட நாள் போனால் சிறுநீரகம், கல்லீரல் ரத்தப் பரிசோதனை தேவை, அதையும் மாதக் கணக்கில் சேருங்கள்.

எடை குறைப்பது செலவே இல்லாத சிகிச்சை. பிஸ்கட், நெய்ச்சோறு, தட்டில் மிச்சம் எல்லாவற்றையும் நிறுத்தி, 11 கிலோவை மெல்ல 9 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள்.

எம்ஆர்ஐ பற்றி ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் ஆபரேஷனுக்கு வரைபடம். எந்த இடத்தில், எந்தப் பக்கம் திறப்பது என்று காட்டுவது. மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும். ஆபரேஷன் செய்யும் எண்ணம் இல்லாதபோது, கட்டி அல்லது எலும்புத் தொற்று இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டாலொழிய, 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று எடுப்பது உங்கள் பணத்தைக் கரைக்கும். டாஷண்டில் ஜவ்வு சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதால் சிடி ஸ்கேனிலும் பல சமயம் தெரியும். சிடி போதுமா என்று கேளுங்கள். சாதா எக்ஸ்ரே தண்டுவடத்தைக் காட்டாது.

ரோஸி நடந்துகொண்டிருக்கும்போதே வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி ஒரு கேஸ் பதிவு செய்துவிடுங்கள். 1903 முதல் இயங்கும் அரசுக் கல்லூரி, கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. ஸ்கேன் எத்தனை நாளில் கிடைக்கும், முதுகெலும்பு ஆபரேஷனுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும், இரவில் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காத்திருக்க நேரமிருந்தால் அங்கே, நேரமில்லையென்றால் ஓவர்டிராஃப்டை எடுத்துக்கொண்டு தனியாருக்கு.

தனியார் எஸ்டிமேட்டை இப்போதே பிரித்து எழுதி வாங்குங்கள். ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, ஸ்கேன், ஆபரேஷன், ஒரு நாள் தங்கும் கட்டணம், எத்தனை நாள், தையல் பிரிப்பு, பிசியோதெரபி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். 1.75 லட்சத்தில் பிசியோ இல்லையென்றால் அது முழு எஸ்டிமேட் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் சிறுநீர் தானாக வராமல் போனால், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை அடிவயிற்றை அழுத்தி எடுக்க வேண்டியிருக்கும். அதை வீட்டில் செய்யக் கற்றுக்கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். கற்றுக்கொண்டால் தங்கும் நாள் குறையும். கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. டாக்டர் கட்டணத்திலும் ஆபரேஷன் கட்டணத்திலும் வரி போட்டிருந்தால் விளக்கம் கேட்கலாம்.

காப்பீட்டில் இப்போது வழியில்லை. இனி எடுக்கும் செல்லப்பிராணி பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் இந்த நோய் சேராது. குடும்ப மருத்துவப் பாலிசிக்கும், வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி கழிவுக்கும் நாய் பொருந்தாது.

சொந்தக்காரர்கள் சொல்வதற்கு வருகிறேன். நடந்துகொண்டிருக்கும், வலி மருந்துக்குக் கட்டுப்படும் நாய் விஷயத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. பின்னங்கால்களில் வலி உணர்வும் போய், ஆபரேஷனும் பலிக்காமல், மருந்துக்கும் அடங்காத வலியில் ரோஸி தவித்தால் அப்போது டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. வயதை வைத்தோ செலவை வைத்தோ மட்டும் முடிவெடுக்காதீர்கள். அந்த முடிவை எடுத்தாலும் அது கொடுமை ஆகாது, வீட்டில் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல வேண்டியதும் இல்லை.

ரோஸி தேறிவிட்டால் ஓவர்டிராஃப்டை மூடாதீர்கள். ஒரு ஜவ்வு விலகிய நாய்க்கு இன்னொன்றும் விலகலாம். டெபாசிட் முதிரும்போது அந்த வசதியும் முடிந்துவிடும் என்பதால், இப்போதிருந்தே மாதம் 3,000 ரூபாயை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட்) தனியாகச் சேருங்கள். உடனடிப் பணம் எடுக்கும் வசதியுள்ள திட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அல்லது இருப்பில் 90 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது விடுமுறை நாளிலும் கணக்குக்கு வந்துவிடும். இரவு அட்மிஷனுக்கு முன்பணம் கட்ட அது உதவும்.