அரம் பட்ட டாலர்

வணக்கம் ஐயா,

அமெரிக்காவின் முதல் வெள்ளி டாலரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 1794-ஆம் வருட நாணயத்தின் படங்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றில் கோடு கோடாகக் கீறல்கள்; இடது பக்க நட்சத்திரங்கள் மங்கல். புது நாட்டின் முதல் டாலரை இவ்வளவு அலட்சியமாகவா அடித்தார்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அலட்சியமே இல்லை. அவை நாணயச்சாலையிலேயே அரத்தால் ராவிய தடங்கள்.

1792-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட சட்டப்படி ஒரு டாலரின் எடை 416 கிரெய்ன், ஏறக்குறைய 27 கிராம். வெட்டியெடுத்த வெள்ளி வில்லை எடை கூடினால் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். குறைந்தால்? சில வில்லைகளின் நடுவில் துளை போட்டு, வெள்ளித் துணுக்கைச் செருகி, அதன்மேல் அச்சடித்தார்கள். 2013-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போன 1794 டாலரிலும் இந்த அடைப்பு இருக்கிறது, அரத்தடமும் இருக்கிறது.

எடையில் ஏன் இவ்வளவு கறார்? மக்கள் கையில் புழங்கியது ஸ்பானிஷ் வெள்ளி டாலர். அதற்கு ஈடாக நின்றால்தான் புதியதைக் கடைக்காரர் வாங்குவார். வெள்ளியைத் தொடும் அதிகாரிகள் ஆளுக்கு 10,000 டாலர் ஜாமீன் கட்ட வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் இருந்தது. அவர்களால் முடியவில்லை. அதனால் 1793 முழுக்கச் செம்புக்காசுதான். மறுவருடம் ஜாமீனைக் குறைத்த பிறகே வெள்ளி வேலை தொடங்கியது.

ஆனால் மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, விஷயத்தில் அவர்கள் செய்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. சட்டம் சொன்னது ஆயிரத்துக்கு 892 சொச்சம். மாற்றுப் பார்க்கும் ஆல்பியன் காக்ஸ், அப்படி அடித்தால் நாணயம் கறுத்துவிடும் என்று சொல்லி 900 ஆக்கச் செய்தார். நாணயம் உயர்ந்தது, சரி. வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்து நாணயமாக வாங்கிப் போனவர்களுக்கோ அந்தக் கூடுதல் வெள்ளி நஷ்டம். எடைக்கு இவ்வளவு பாடுபட்டவர்கள் இதைச் செய்திருக்கக் கூடாது.

நட்சத்திரங்கள் மங்கியதற்குக் காரணம் அச்சடிக்கும் எந்திரம். பிலடெல்பியா நாணயச்சாலையில் அன்று இருந்தது டாலர் அளவுக்குப் போதாது. அழுத்தம் பத்தவில்லை, இடது பக்கம் சரியாகப் பதியவில்லை. அரத்தடம் மறையாததும் அதனால்தான். 1794 அக்டோபர் 15 அன்று ஒப்படைத்தவை 1,758 டாலர்கள். பெரிய எந்திரம் வந்து, அடுத்த வருடம்தான் மறுபடி அடித்தார்கள்.

உங்களிடம் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீறல் எழுத்தையும் நாணயத்தில் உள்ள பெண்ணுருவின் தலைமுடியையும் வெட்டிக்கொண்டு போனால் அது பின்னாளில் யாரோ செய்த சேதமாக இருக்கலாம். எழுத்து கீறலின் மேல் ஏறி நின்றால், அரம் முதலில், அச்சு பிறகு.