பழைய காருக்குப் புது கிராஸ் மெம்பர் (கியர் பாக்ஸை அடியில் தாங்கும் குறுக்குச் சட்டம்): கேள்வி-பதில்

பத்மினி காருக்கு லோக்கல் கிராஸ் மெம்பர் வாங்கினேன். இரண்டு ஓட்டை சேர்கிறது, மற்ற இரண்டும் சேரவில்லை. கடப்பாரை போட்டு நெம்பலாமா? (கும்பகோணம்)

நெம்பக் கூடாது. முதல் இரண்டு போல்ட்டையும் முழுக்க முறுக்கிவிட்டுத்தான் மற்றதைத் தேடியிருப்பீர்கள். நாலையும் கையாலேயே இரண்டு மூன்று மரை ஏற்றி விடுங்கள். கியர் பாக்ஸுக்கு அடியில் பலகை கொடுத்து, ஜாக்கியால் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தூக்கி இறக்கினால் பெரும்பாலும் தானே வந்து உட்காரும். அப்படியும் ஒரு நூல் தள்ளி நின்றால் கிராஸ் மெம்பர் ஓட்டையை உருண்டை அரத்தால் ராவி, தடித்த வாஷர் போடுங்கள். பாடியில் இருக்கும் ஓட்டையைத் தொடாதீர்கள். இரண்டு நூலுக்கு மேல் வித்தியாசம் என்றால் அது உங்கள் வண்டிச் சாமானே இல்லை, திருப்பிக் கொடுங்கள்.

அம்பாசடருக்கு எந்த கிராஸ் மெம்பர் வாங்க வேண்டும்? (திருவாரூர்)

எந்த எஞ்சின்? பழைய 1,489 சிசி பெட்ரோலா, டீசலா, பிறகு வந்த 1,800 இசுசுவா? நாலு கியரா, ஐந்தா? இடையில் யாராவது எஞ்சின் மாற்றினார்களா? இதில் ஒன்றையும் எழுதாமல் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? பழையதைக் கழற்றி, ஓட்டைக்கு ஓட்டை சென்டரும் மவுண்டிங் (கியர் பாக்ஸைத் தாங்கும் ரப்பர்) உட்காரும் உயரமும் அளந்து, பழைய சாமானையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எஞ்சின் மாறிய வண்டி என்றால் அது ஆர்.சி. புக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கிராஸ் மெம்பர் மாற்றியதிலிருந்து 60-ல் வண்டி அதிர்கிறது. வீல் பேலன்ஸ் பார்த்தாயிற்று. (மன்னார்குடி)

ஸ்டீயரிங் ஆடினால் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் புரொபெல்லர் ஷாஃப்ட், அதாவது கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டு. காலி ரோட்டில் 60-ல் நியூட்ரல் போட்டு ஓட விடுங்கள். அப்போதும் அதிர்ந்தால் எஞ்சின் காரணமில்லை. புது கிராஸ் மெம்பரில் மவுண்டிங் உயரம் மாறியிருக்கும், கியர் பாக்ஸ் வால் ஏறியோ இறங்கியோ நிற்கும். கியர் பாக்ஸ் முனையும் பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை உதறும். செல்போனிலேயே கோணம் அளக்கலாம். முன் மவுண்டிங்குக்கும் பின் மவுண்டிங்குக்கும் ஒரு மீட்டர் என்று வைத்தால் ஒரு டிகிரிக்கு 17 மி.மீ. வரும். தேவையான கனத்துக்கு இரும்புத் தகடு வெட்டிக் கொடுங்கள். பழைய கிராஸ் மெம்பரோடு இருந்த தகடுகளைத் தூக்கி எறிந்தீர்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள்.

ரப்பர் அடிக்கடி போகிறது, அதை எடுத்துவிட்டு கிராஸ் மெம்பரை நேராக வெல்டு வைத்துவிட்டால் ஆயுசுக்கும் தொல்லை இல்லை என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (மயிலாடுதுறை)

வேண்டவே வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை. பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரை ஆக்சிலரேட்டரை விருட்டென்று மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். முன் ரப்பர்கள் அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுக்கின்றன. பின்னால் வெல்டு வைத்துக் கட்டிப்போட்டால் முறுக்கு முழுவதும் கியர் பாக்ஸின் பின் காதில் (போல்ட் ஏறும் இடத்தில்) விழும். அது வார்ப்பு; தகடு மாதிரி வளையாது, விரிசல் விட்டுவிடும்.

என் பட்டறைக்கு அப்படி ஒரு அம்பாசடர் வந்தது. கியர் ஆயில் குறைகிறது என்றுதான் கொண்டுவந்தார்கள். அடியில் படுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். போல்ட் ஓட்டையிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு முடி மாதிரி ஒரு கோடு. துடைத்துக் கையை எடுப்பதற்குள் அந்தக் கோட்டில் மறுபடி ஆயில் கசிந்தது. ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் லாரி டயர்த் துண்டு, சுற்றிலும் வெல்டு. சில நூறு ரூபாய் ரப்பரை மிச்சம் பிடித்ததற்கு, ஹவுசிங் (கியர் பாக்ஸ் கூடு) தேடி அந்தக் குடும்பம் இரண்டு மாதம் அலைந்தது.

நாளைக்கே கிளட்ச் பிளேட் போனால் கியர் பாக்ஸை எப்படி இறக்குவார்கள்? கேஸ் கட்டர் பிடிக்க வேண்டும், அதுவும் பெட்ரோல் பைப் ஓடும் அடிப்பாகத்தில். வெல்டு பட்ட தகட்டில் பெயிண்ட் எரிந்து ஐப்பசி மழைக்கே துரு ஏறும். ரப்பர் அடிக்கடி போகிறதென்றால் ஆயில் ஒழுகி ஊறுகிறதா, முன் மவுண்டிங் செத்துவிட்டதா என்று பாருங்கள். மரை போயிருந்தால் அடுத்த சைஸுக்கு மரை வெட்டலாம். இதைச் செய்யாத பட்டறையை விட்டு வேறு பட்டறைக்குப் போங்கள்.

உப்பளப் பக்கம் ஓடும் வண்டி. கிராஸ் மெம்பர் மட்டும் மாற்றினால் போதுமா? (வேதாரண்யம்)

போல்ட் ஏறும் இடத்தைச் சுற்றி ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் தகட்டைத் துரு தின்றிருக்கிறது, முதலில் டிங்கர் வேலை.

பழைய போல்ட்டையே போடலாமா? (திருத்துறைப்பூண்டி)

கூடாது. தலையில் 8.8 என்று (பலத்தின் தர எண்) போட்டிருக்கும் புதுசு வாங்குங்கள். வண்டி நாலு சக்கரத்திலும் நின்ற பிறகு கடைசி முறுக்கு. 10 மி.மீ. போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் சுமார்.

அறுவடை நேரத்தில் ரோட்டில் காயும் வைக்கோல் புது கிராஸ் மெம்பரில் சிக்கிக்கொள்கிறது. ஆபத்தா? (பாபநாசம்)

ஆபத்துதான். சைலன்சர் பைப் பக்கத்திலேயே ஓடுகிறது, காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள நேரம் ஆகாது. வைக்கோல் மேல் போய் வந்தால் வண்டியை நிறுத்தி, பைப் ஆறிய பிறகு உருவி எடுங்கள். ஷாஃப்ட்டில் சுற்றியதையும் வெட்டி எடுக்க வேண்டும். பைப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவில் ஒரு விரலாவது இடைவெளி வேண்டும். இதற்காக வயலோரம் அடியில் படுக்காதீர்கள். நம் களிமண்ணில் ஜாக்கி சத்தமில்லாமல் இறங்கும். சிமெண்ட் தரைக்கு வந்து, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.