தூக்குவதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 63. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் வலது கை, கால் பலவீனம். பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைப்பார். உடற்பயிற்சி வேண்டும் என்கிறார் டாக்டர். இவரோ நாற்காலியை விட்டு அசைவதில்லை. பெடல் மெஷின் வாங்கிப் போடலாமா? எழவேண்டும் என்றால் அக்குளில் கைகொடுத்து நான்தான் தூக்குகிறேன். எனக்கும் இடுப்பு விட்டுப்போகிறது. மகன் மாடியில்தான் குடியிருக்கிறான். வேலைக்குப் போகிற பிள்ளை என்று அவனைக் கூப்பிடுவதில்லை.
- வாசகி, கும்பகோணம்

பதில்: மெஷின் கிடக்கட்டும். 'அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறேன்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே சகோதரி, வினையே அங்கேதான் இருக்கிறது. உட்கார்ந்து எழுவதுதான் இந்த நிலையில் அவருக்கு முதல் பயிற்சி. அதை அவருக்குப் பதிலாக நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள். பிறகு அவர் அசைவதில்லை என்று குறை சொன்னால் எப்படி?

பக்கவாதத்தில் தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துவிடும். அக்குளிலோ கையிலோ பிடித்து இழுத்தால் மூட்டு கிண்ணத்திலிருந்து நழுவும். அந்த வலி வந்துவிட்டால் மாதக்கணக்கில் போகாது. பயிற்சி என்றாலே பயப்படுவார். உங்கள் இடுப்பு வலிக்கும் குனிந்து தூக்குவதே காரணமாக இருக்கும்.

கைப்பிடி உள்ள உறுதியான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் உயரம் சுமார் 18 அங்குலம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். நாற்காலியின் விளிம்புவரை அவர் நகர்ந்து வரட்டும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் பலவீனமான காலை முன்னால் நீட்டிவிட்டு நல்ல காலில் மட்டும் எழுவார்கள். அந்தக் காலுக்கு வேலையே இல்லாமல் போகும். இடது கையால் வலது கையைக் கோத்து முன்னால் நீட்டி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, பிறகு எழவேண்டும். நிமிர்ந்தபடி எழப் பார்த்தால் பின்னால்தான் விழுவார். துணைக்கு நிற்பவர் அவருடைய வலப்பக்கம் நின்று, இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டைப் பிடித்தால் போதும். அவருடைய வலது முழங்கால் மடங்கினால் தன் முழங்காலால் தாங்கலாம்.

முடியவில்லையா? கெட்டியான மெத்தையைப் போட்டு 3 அங்குலம் உயர்த்துங்கள். பழகப் பழகக் குறைக்கலாம். ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும். காலை, மதியம், மாலை. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இறங்கவேண்டும், காலுக்குப் பாதி பலன் அதில்தான். சாப்பிட்ட உடனே வேண்டாம், ரப்பர் செருப்பும் வேண்டாம். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் வாரம் 150 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கை இப்போது பார்க்காதீர்கள். கொஞ்சம் அசைந்தாலும் லாபம் என்று சொல்வதும் அவர்களேதான்.

முதல் சில நாள் இதை நேரில் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

மகனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெற்ற தகப்பனை எழுப்பி நிற்க வைப்பது ஒரு பிள்ளைக்குத் தொந்தரவா? நீங்கள் கூப்பிடாதது தவறு, கூப்பிடாமல் அவன் வராதது அதைவிடப் பெரிய தவறு. பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில் அவனும் பக்கத்தில் நின்று பெல்ட் பிடிக்கப் பழகட்டும். பிறகு தினமும் காலை ஏழு மணி முறை அவனுடையது. அந்த அரைமணி நேரம் நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள்.