90 சதவீதம் என்பது பயத்தின் அளவு அன்று

விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் பெற்றிருந்தும் ‘ஹெரெடிட்டரி’ என்ற திகில் படம் உங்களைப் பயமுறுத்தவில்லை, ஆகவே விமர்சனங்கள் விலைக்கு வாங்கப்பட்டவை என்கிறீர்கள். அந்தச் சதவீதம், நீங்கள் எண்ணியதுபோல் படம் எவ்வளவு பயமுறுத்தும் என்பதற்கான மதிப்பெண் அன்று. விமர்சகர்களில் எத்தனை விழுக்காட்டினர் அதைச் சாதகமாக மதிப்பிட்டார்கள் என்பதையே அது காட்டுகிறது. ஆகவே, உங்களுக்குப் பயம் வரவில்லை என்பதற்காக விமர்சனங்கள் விலைக்கு வாங்கப்பட்டவை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

உங்கள் ஏமாற்றத்துக்குப் பெரும்பாலும் விளம்பரம் எழுப்பிய எதிர்பார்ப்பே காரணமாக இருக்கலாம். 2018இல் வெளியான அப்படம் ஒரு குடும்பத்தின் துக்கத்தை மெதுவாக விரித்துச் சொல்வது. திடுக்கிடல்களை எதிர்பார்த்து முதல் நாளே திரையரங்குக்குச் சென்ற அமெரிக்கப் பார்வையாளர்களும், சினிமாஸ்கோர் என்ற பார்வையாளர் கருத்துக்கணிப்பில் அதற்கு ‘டி பிளஸ்’ என்ற குறைந்த தரம்தான் கொடுத்தார்கள். (எனக்கோ, நாயகி டோனி கொலெட்டின் நடிப்பே போதிய கலக்கத்தைத் தந்தது.)

அடுத்த திகில் படத்துக்கு நுழைவுச்சீட்டு எடுக்கும் முன், சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, பாதகமான விமர்சனங்கள் இரண்டு மூன்றைப் படித்துப் பாருங்கள். ‘மெதுவாக நகர்கிறது’ என்ற குறை திரும்பத் திரும்ப வந்தால், அப்படம் உங்கள் ரசனைக்கு ஒத்துவராமல் போகக்கூடும்.

ஆனால், சினிமாஸ்கோரையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். திகில் படங்களுக்கு அங்கே பொதுவாகவே குறைந்த தரம்தான் கிடைக்கிறது.