அவள் முன்னால் நான் அழலாமா டாக்டர்?

கேள்வி: என் மனைவிக்கு 42 வயது. மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது கீமோ முடிந்திருக்கிறது. முடி கொட்ட ஆரம்பித்ததிலிருந்து தனி அறையில் படுக்கிறாள். கேட்டால், "உங்க தூக்கம் கெடும்" என்கிறாள். அவள் குளிக்கப் போகும்போது தலையணையில் கிடக்கும் முடியை நான் பெருக்கித் தள்ளிவிடுகிறேன். பயத்தை வெளியே காட்டாமல் "ஒண்ணும் ஆகாது" என்றே சொல்லி வருகிறேன். அவளுடைய தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கச் சொல்கிறார் என் அம்மா. அவள் முன்னால் உடைந்துபோகாமல் இருப்பது எப்படி?
- வாசகர், திருச்சி

பதில்: முதலில் அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு வையுங்கள். புற்றுநோய் தொற்றாது. சொல்லப்போனால், நம்மிடமிருந்துதான் அவரைக் காக்க வேண்டும். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் பொதுவாக வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்துவிடும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அந்த நாட்களில் பக்கத்தில் போக வேண்டாம். அவருக்கே 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்காதீர்கள். நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடி கொட்டுவது அவருக்குத் தெரியாதா என்ன? தலைவாரும் சீப்பு சொல்லிவிடும். நீங்கள் பெருக்கித் தள்ளுவதும் தெரிந்திருக்கும். உங்களுக்காக அவர் மறைக்கிறார், அவருக்காக நீங்கள் மறைக்கிறீர்கள். கடைசியில் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயப்படுகிறீர்கள். "ஒண்ணும் ஆகாது" என்ற பிறகு அவர் எதைத்தான் பேச முடியும்? "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும். மொத்தமாக மழித்துவிடலாமா என்றும் கேளுங்கள். கொத்துக் கொத்தாக உதிர்வதைப் பார்ப்பதைவிட அது தேவலை என்பார்கள் பலர். கீமோ முடிந்த சில வாரங்களில் முடி திரும்ப முளைக்கத் தொடங்கும்.

தனி அறைக்குத் தூக்கம் மட்டும்தான் காரணமா என்பது எனக்குச் சந்தேகம். அறுவை சிகிச்சைத் தழும்பை நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்ற கூச்சமாகவும் இருக்கலாம். காட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர் பக்கத்தில் படுக்கத்தான் உங்களுக்கு ஆசை என்பதைச் சொல்லிவிடுங்கள். கட்டிப்பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம். அவர் விரும்பினால் உடலுறவுக்கும் பொதுவாகத் தடை இல்லை. ரத்த அணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். சிகிச்சை நடக்கும் காலம் முழுக்க ஆணுறை அவசியம். மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு தரிக்கலாம்; அது கூடாது. ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையும் இவருக்கு ஆகாது.

உங்களையும் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அப்புறம் ஒன்று. எங்களிடம் வரும் கணவர்கள் பலர், மனைவியிடம் நாங்கள் கேட்கும் கேள்விக்கும் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். அடுத்த கீமோவுக்குப் போகும் முன் இருவரும் உட்கார்ந்து சந்தேகங்களை ஒரு தாளில் எழுதுங்கள். மருத்துவர் அறையில் தாள் உங்கள் மனைவி கையில் இருக்கட்டும்.