தாத்தா வாங்கிவந்த சீட்டுக்கட்டைப் பிரிக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. மகளுக்கு 5 வயது. கணவரின் வேலை மாற்றத்தால் போன வருடம் கிராமத்திலிருந்து கோவைக்கு வந்தோம். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற பையன், வெளியாள் யாராவது கேட்டால் ‘ம்’, ‘இல்ல’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். அப்பார்ட்மெண்ட் பிள்ளைகளோடு விளையாடக் கீழே போனால் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறான். எதில் தோற்றாலும் அழுகை, கையில் இருப்பதைத் தூக்கி எறிவது. பொங்கலுக்கு வந்த மாமனார் ஒரு சீட்டுக்கட்டு வாங்கிவந்து, “பிள்ளைங்களோட உக்காந்து இதை ஆடும்மா, எல்லாம் சரியாயிடும்” என்கிறார். மாமியாருக்கோ குழந்தைகள் கையில் சீட்டைப் பார்த்தாலே ஆகவில்லை. யார் பேச்சைக் கேட்பது? ஆடலாம் என்றால் எந்த ஆட்டம், எப்படி?
– வாசகி ஒருவர், கோவை

பதில்: எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் கட்டைப் பிரிக்கலாம். குழந்தைகளுக்குப் பேச்சு, மொழிப் பயிற்சி தரும் என் மேசை இழுப்பறையிலும் எப்போதும் இரண்டு கட்டு கிடக்கும்.

முதலில் மாமியார். அவர் பயத்தைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். காசு வைத்து ஆடிக் கெட்ட குடும்பங்களை நேரில் பார்த்த தலைமுறை அது. இன்று அந்தச் சூது செல்போனுக்குள் போய், தமிழக அரசு 2022-இல் தனிச் சட்டமே போடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஆகவே அவர் முன்னாலேயே இரண்டு விதிகளைச் சொல்லிவிடுங்கள். காசு வைத்து ஆட மாட்டோம். செல்போனில் ஆட மாட்டோம். சாக்லேட்டும் காசுதான். ஜெயித்தவனுக்கு டெய்ரி மில்க் என்று ஆரம்பித்தால், ஏற்கெனவே தோல்வி தாங்காத பையனுக்கு அது இரட்டை அடி. கணக்கு வைக்க ஏதாவது வேண்டுமென்றால் புளியங்கொட்டை போதும்.

இனி பையன். கூச்சமுள்ள குழந்தையை ஒரு பெரியவர் முன்னால் நிறுத்தி, “மாமாகிட்ட பேசு” என்றால் அவனுக்கு இரண்டு சங்கடம். கண்ணை எங்கே வைப்பது, என்ன சொல்வது. கையில் ஐந்து சீட்டு இருந்தால் இரண்டுமே தீர்ந்துவிடுகின்றன. கண்ணுக்குச் சீட்டு இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதை ஆட்டமே எடுத்துக் கொடுக்கிறது. பேசாவிட்டால் ஆட்டம் நகராது, பேசினால் உடனே ஒரு பலன் கிடைக்கிறது. “நல்லா பேசுறியே” என்ற பாராட்டு கூடத் தேவைப்படாது. சொல்லப்போனால் கெடுதல். அப்படிப் பாராட்டிய நிமிடமே அவன், தன்னைக் கவனிக்கிறார்கள் என்று சுருங்கிவிடுவான்.

நான் முதலில் எடுப்பது ஜோடி கேட்கும் ஆட்டம். பல நாடுகளில் ‘கோ ஃபிஷ்’ என்ற பெயரில் ஆடுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு முழுக்கட்டு வேண்டாம். ஒன்று (ஏஸ்) முதல் பத்து வரை, எண்ணுக்கு நாலு சீட்டு, மொத்தம் 40 எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஐந்து போட்டு, மீதியை நடுவில் கவிழ்த்து வையுங்கள். கையில் ஏழு வைத்திருப்பவன் யாரிடமாவது ஏழு கேட்கலாம். இருந்தால் அவர் கொடுத்தே ஆகவேண்டும், கேட்டவனுக்கு இன்னொரு வாய்ப்பு. இல்லையென்றால், “இல்ல, எடுத்துக்கோ.” நடுக்கட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு விடவேண்டும். ஜோடி சேர்ந்ததும் கீழே இறக்கிவிடலாம்.

இதில் நான் கறாராக வைக்கும் விதி ஒன்றுதான். ஆளைக் கூப்பிட்டு, முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். “தாத்தா, உங்ககிட்ட ஏழு இருக்கா?” தங்கையிடம் என்றால், “பாப்பா, உன்கிட்ட ஏழு இருக்கா?” சும்மா “ஏழு?” என்று கேட்டால் சீட்டு கிடையாது. யாரைக் கேட்கிறோமோ அவரைப் பார்த்து, உரிய மரியாதையோடு, அவருக்குக் கேட்கும் குரலில் கேட்பது – வெளியில் அவனுக்கு வராதது இதுதானே? அரைமணி நேரத்தில் இருபது முப்பது தடவை கேட்டுவிடுவான். நீ, நீங்க என்று ஆளுக்கு ஆள் மாற்றுவது உங்கள் மகளுக்கும் நல்ல பயிற்சி. ஐந்து வயதில் பல குழந்தைகள் தாத்தாவையே “உன்கிட்ட” என்பார்கள். திருத்த வேண்டாம். தாத்தா காதில் விழாததுபோல் கொஞ்சம் சாய்ந்து, “யார்கிட்ட கேக்கறீங்க?” என்றால் போதும். அவளே சிரித்துக்கொண்டு மாற்றிக்கொள்வாள்.

இன்னொன்று, ஞாபகம். அண்ணன் இப்போதுதான் அம்மாவிடம் நாலு கேட்டான், அப்படியென்றால் அவனிடம் நாலு இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்ட குழந்தை, தன் முறை வராதபோதும் மற்றவர் பேசுவதைக் கேட்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆறு ஏழு வயதில் இந்தப் பொறி தட்டும். தட்டும்வரை காத்திருங்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஐந்து வயதுக் கை ஐந்து சீட்டை விசிறிபோல் பிடிக்காது, கொட்டிவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதற்கு ஓர் அழுகை. துணி துவைக்கிற பிரஷ் புதிதாக ஒன்று வாங்கி, முள் மேலே இருக்கும்படி வைத்துச் சீட்டுகளை இடையே செருகிக் கொடுங்கள். அழகாக நிற்கும்.

அடுத்து அந்த அழுகை. “தோத்தா அழக்கூடாது” என்று அவனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! கேட்டால் அவனே திருப்பிச் சொல்வான். தெரியாமல் அழவில்லை; தெரிந்ததைச் செய்ய முடியாமல் அழுகிறான். உளவியலில் இதைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு, அதுவும் சீட்டு வைத்துத்தான். பிலிப் செலாசோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1990-களில் வடிவமைத்தது. படச் சீட்டுகளை மூன்று வயதுக் குழந்தையிடம் கொடுத்து, முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள். சரியாகச் செய்யும். பிறகு, “இப்போ நிறம் வேண்டாம், உருவப்படி பிரி” என்பார்கள். புதிய விதி என்ன என்று கேட்டால் குழந்தை சரியாகச் சொல்லும். கை மட்டும் பழையபடி நிறத்தைப் பார்த்தே போடும். நாலு ஐந்து வயதில்தான் கை, வாய் சொல்வதைக் கேட்கிறது. உணர்ச்சி கொதிக்கும் நேரத்தில் எட்டு வயதுக்காரனும் இப்படித்தான். நாற்பது வயதுக்காரர்களும்தான், அலுவலகங்களில் பார்க்கிறோமே.

ஆகவே அவனுக்குத் தேவை புத்திமதி இல்லை. சின்னச் சின்னத் தோல்விகள், நிறைய. பத்து நிமிடத்தில் முடிகிற ஆட்டத்தில் தோற்றால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். உடனே அடுத்த கை போட்டுவிடலாம். ஒரு மணி நேரம் இழுக்கும் ஆட்டத்தில் தோற்பது வேறு. எத்தனை ஆட்டம் என்பதை உட்காரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மூன்று என்றால் மூன்றுதான். தோற்ற பிறகு “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு” என்று அவன் ஜெயிக்கும்வரை நீட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கலாமா என்று எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். வேண்டாம். ஏழு எட்டு வயதில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் உண்மையான வெற்றியையும் நம்ப மாட்டார்கள். ஜோடி கேட்பதுபோல அதிர்ஷ்டம் கலந்த ஆட்டத்தை எடுத்தால் விட்டுக்கொடுக்கும் அவசியமே வராது, தாத்தாவும் தானாகவே தோற்பார். தோற்கும்போது பெரியவர்கள் மௌனமாக இருக்காதீர்கள், அதுதான் முக்கியம். “சே, ஒரே ஒரு ஒன்பதுல போச்சே! எனக்குக் கடுப்பா இருக்கு. சரி, கலைச்சுப் போடு.” தோற்றவன் சொல்ல வேண்டிய வசனம் இதுதான். அவன் காதில் விழட்டும். சீட்டைத் தூக்கி எறிந்தால் அந்தக் கை அதோடு முடிந்தது; பொறுக்கி எடுத்து அடுத்ததைப் போடுங்கள். அந்த நேரத்தில் பாடம் எடுத்தால் ஒரு சொல்லும் உள்ளே போகாது.

இரண்டு மூன்று வாரம் கழித்துக் ‘கழுதை’க்கு வரலாம். தாத்தாவுக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும். 52 சீட்டையும் பிரித்துப் போட்டு, ஸ்பேட் ஏஸ் வைத்திருப்பவர் தொடங்குவார். எல்லோரும் அதே ஜாதிச் சீட்டை (ஸ்பேட் என்றால் ஸ்பேட், ஹார்ட் என்றால் ஹார்ட்) போட வேண்டும். போட்டுவிட்டால் அந்தச் சுற்று ஓரம் போய்விடும், பெரிய சீட்டு போட்டவர் அடுத்ததைத் தொடங்குவார். அந்த ஜாதி இல்லாதவர் வேறு சீட்டால் வெட்டலாம். வெட்டு விழுந்தால், அதுவரை பெரிதாகப் போட்டவர் அத்தனையையும் அள்ள வேண்டும். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை. வீட்டுக்கு வீடு விதி மாறும். இதில் அருமையான விஷயம், ஒருவன் ஜெயிப்பதில்லை. ஒருவரைத் தவிர எல்லோரும் தப்பிக்கிறார்கள். உங்கள் மகனுக்குப் பெரும்பாலான நாட்கள் ‘தப்பிச்சேன்!’ நாட்களாக இருக்கும். அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. கழுதையானவரைக் கத்தச் சொல்லும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், முதல் பத்து நாள் கத்த வேண்டியது பெரியவர்கள். சாப்பாட்டு நேரத்தில் “என்ன கழுதை, இன்னொரு தோசையா?” என்று யாராவது தொடர்ந்தால் ஆட்டத்தையே நிறுத்திவிடுங்கள்.

மாமியார் அப்போதும் மனம் இளகவில்லையா? நோட்டுத் தாளைக் கிழித்து ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதிக் குலுக்கிப் போடுங்கள். அதை அவரே சின்ன வயதில் ஆடியிருப்பார். போலீஸ் மட்டும் தன்னை அறிவித்துக்கொண்டு, மற்றவர் முகத்தைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தன் மனதில் இருப்பது அடுத்தவருக்குத் தெரியாது, அடுத்தவர் தவறாகவும் நினைக்கலாம் என்பது குழந்தைகளுக்கு ஏறக்குறைய நான்கு ஐந்து வயதில்தான் பிடிபடுகிறது. விம்மர், பெர்னர் என்ற இருவர் 1983-இல் வெளியிட்ட சோதனையிலிருந்து இதைப் பலரும் பலவிதமாக ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் மகள் இப்போதுதான் அந்த வாசலில் நிற்கிறாள். திருடன் சீட்டு வந்தால் அவள் சிரிப்பை அடக்க முடியாமல் காட்டிக்கொடுத்துவிடுவாள். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாதவள்போல் முகத்தை வைத்துக்கொள்வாள். கவலைப்படாதீர்கள், வளர்ச்சிதான் அது. கவிழ்த்துப் போட்டுவிட்டு “மூணு ராணி” என்று புளுகும் ‘ப்ளஃப்’ பற்றியும் பெற்றோர் பயப்படுகிறார்கள், பொய் சொல்லப் பழகிவிடுமோ என்று. எட்டு வயதுக்குமேல், எல்லோரும் ஒப்புக்கொண்டு ஆடும்போது அது வேஷம், பொய் அல்ல. அந்த வித்தியாசம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

‘ஊனோ’ என்ற தனிச் சீட்டாட்டக் கட்டு வீட்டில் இருந்தால் அதுவும் நல்லதே. 1971-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துபவர் உருவாக்கியது. அதன் உண்மையான பயன் எனக்குத் தெரிந்து, ஆட்டம் தொடங்கும் முன் வரும் சண்டை: அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்கவைக்கும் ‘ப்ளஸ் டூ’ சீட்டின் மேல் இன்னொரு ப்ளஸ் டூ போடலாமா கூடாதா? பெட்டியில் வரும் விதிப்படி கூடாது, பாதி வீடுகளில் போடுகிறார்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். “நம்ம வீட்டு விதி என்ன, நீயே எல்லாருக்கும் சொல்லு” என்று மகனிடம் விடுங்கள். கீழே இருக்கும் பிள்ளைகளோடு அவனுக்கு வேண்டியதும் இந்தப் பேரம் பேசும் திறமைதான். மூன்று மாதத்தில், ஒரே ஒரு பையனை மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டு, விதியை இவனையே விளக்கச் சொல்லுங்கள். ஒரு கூட்டத்துக்கு நடுவே போய்ச் சேர்வதைவிட, தனக்குத் தெரிந்த ஆட்டத்தைத் தன் வீட்டில் ஒருவனுக்குச் சொல்லித் தருவது பல மடங்கு சுலபம்.

பெரியவர்களுக்கு ஒன்று. அவன் முறை வந்ததும் “போடு, அதைப் போடு, சீக்கிரம்” என்று அவசரப்படுத்தாதீர்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பல குழந்தைகளின் வாக்கியம் அந்த நாலாவது நொடியில்தான் கிளம்பும், நாம் மூன்றாவது நொடியில் குறுக்கே விழுந்துவிடுகிறோம்.

சீட்டால் தீராத சிலவும் உண்டு. வீட்டில் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு மாதத்துக்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றால் (புதுப் பள்ளியின் முதல் மாதத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்), சொல் திக்கினால், கூப்பிட்டால் அடிக்கடி கேட்காததுபோல் இருந்தால், முன்பு பேசியது குறைந்துபோனால், காது சோதனையும் பேச்சு மதிப்பீடும் செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டு உதவும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள். 18 வயதுவரை இலவசமாகப் பார்ப்பார்கள். ஆசிரியரிடம் வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.

மற்றபடி, இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் தரையில் பாய் விரித்து உட்காருங்கள். டிவி வேண்டாம், செல்போன்கள் அடுத்த அறையில். ஜோடி கேட்கும் ஆட்டம், மூன்று கை. முதல் கையில் சீட்டுகளைத் திறந்தே வைத்து ஆடினால் பாப்பாவுக்கும் புரியும். கலைத்துப் போடுவது தாத்தா, புளியங்கொட்டைக் கணக்கு பாட்டி, வந்து உட்கார்ந்தால். முடிந்ததும் கட்டை எண்ணி அட்டைப் பெட்டியில் போடும் பொறுப்பு பையனுடையது. ஒதுக்கிவைத்த படச் சீட்டுகளையும் சேர்த்து 52 இருக்க வேண்டும். 51-தான் இருக்கிறது என்றால் பாப்பா பிரஷ்ஷைப் பாருங்கள்.