இங்கிலாந்தில் மரம் வெட்டும் சிறு தொழில்: சாமானும் கணக்கும்

தம்பி, நீங்கள் இங்கே வந்து ஒரு வருடமாகிறது, ஒரு ட்ரீ சேர்ஜனிடம் (மரம் வெட்டும் தொழில்காரரிடம்) கீழே நின்று கிளை இழுத்து சிப்பருக்குள், அதாவது கிளையைச் சிறு துண்டாக அரைக்கும் இயந்திரத்துக்குள், தள்ளுகிறீர்கள். கூட்டாளியோடு சொந்தமாகத் தொடங்க என்ன சாமான் வேண்டும், விலை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த வேலையில் கனகாலம் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாமானைப் பற்றிச் சொல்ல முன் இரண்டு விஷயம். மாணவர் விசாவில் சொந்தத் தொழில் செய்ய முடியாது. படித்து முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசா, துணைவர் விசா என்றால் பிரச்சினை இல்லை. அடுத்தது வாகனம் ஓட்டும் லைசன்ஸ். ஊர் லைசன்ஸில் இங்கே குடியேறி 12 மாதம்தான் ஓடலாம். இலங்கை லைசன்ஸையும் இந்திய லைசன்ஸையும் மாற்றித் தரமாட்டார்கள், புதிதாக டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும். ஒரு வருடம் என்கிறீர்களே, அதை இந்தக் கிழமையே பாருங்கள்.

எல்லாரும் முதலில் கேட்பது செயின்சோவை (சங்கிலி வாளை) பற்றித்தான். அதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. ஏறுபவருக்கு ஸ்டீல் எம்எஸ் 201 டி, ஹஸ்க்வார்னா டி540 எக்ஸ்பி போன்ற மேல்பிடி உள்ள சின்னது ஒன்று. கீழே வேலைக்கு 50 சிசி அளவில் ஒன்று. பெரிய அடிமரத்துக்கு வேண்டியதை அன்றைக்கு வாடகைக்கு எடுக்கலாம். எந்த பிராண்ட் என்று மணிக்கணக்காக யோசிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குக் கிட்ட எந்த பிராண்டுக்குத் திருத்துகிற கடை இருக்கிறதோ அதை எடுங்கள். செயின்சோவிலிருந்து காலைக் காக்கும் காற்சட்டையில் மட்டும் கவனம்: டைப் ஏ முன்பக்கம் மட்டும் காக்கும், ஏறுபவருக்கு சுற்றிவரக் காக்கும் டைப் சி வேண்டும்.

ஏறுகிற சாமான் இரண்டு செட் வேண்டும். மேலே ஒருவருக்கு ஏதும் நடந்தால், ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே நிற்க வேண்டும். நீங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் ஏறத் தெரியும் என்றால் உங்கள் ஆள்பலம் போதாது. சிஎஸ்38 என்று பழைய பெயரில் எல்லாரும் சொல்லும் சான்றிதழ் இதற்குத்தான். மரத்தின் மேல் செயின்சோ பிடிக்க சிஎஸ்39. கயிறு, ஹார்னஸ் (உடம்பில் கட்டும் பட்டி) எல்லாவற்றையும், தூக்கும் சாமான்களுக்கான 1998ஆம் ஆண்டின் லோலர் விதிப்படி, 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியான ஒருவர் பரிசோதித்து எழுதித் தரவேண்டும். பழைய சிப்பரைத் தாராளமாக வாங்கலாம். பழைய கயிறை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

இனி காசு கரையும் இடத்துக்கு வருவோம். அது வெட்டுவதில் இல்லை, வெட்டியதை ஏற்றி இறக்குவதில் இருக்கிறது.

3.5 டன் டிப்பர் என்று கேட்கப் பெரிதாக இருக்கும். அது வாகனத்தின் மொத்த எடை. பின்னால் உள்ள உயரமான கூடு, சாமான் பெட்டி, மூன்று பேர் எல்லாம் போக, ஏற்ற மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு டன்னுக்கும் குறைவு. அரைத்த மரத்துண்டான சிப் பரவாயில்லை, பெட்டி நிறைந்தாலும் பாரம் கொஞ்சம்தான். பச்சை ஓக் கட்டை ஒரு கன மீட்டரே ஒரு டன் வரும். பெட்டியில் பாதிகூட நிறையாது, வாகனம் மட்டும் குந்திவிடும். வழியில் மறித்து எடை பார்த்து, பாரம் கூடியிருந்தால் 100 முதல் 300 பவுண்ட் வரை தண்டம். அனுமதித்த எடையை 30 சதவீதமோ அதற்கு மேலோ தாண்டினால் கோர்ட்டுக்கும் போகலாம். பாரத்தை இறக்காமல் அங்கிருந்து அசையவும் விடமாட்டார்கள். லண்டன் என்றால் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய டீசல் டிப்பரை எடுக்க வேண்டாம். யூரோ 6 என்ற புகைத் தரம் இல்லாத டீசல் வானுக்கு யூலெஸ் என்ற புகைக் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண்ட், 2023 ஆகஸ்ட் முதல் லண்டனின் எல்லா பறோவிலும் (உள்ளூராட்சிப் பகுதியிலும்). கிழமைக்கு ஐந்து நாள் ஓடினால் வருடத்தில் மூவாயிரத்துக்கு மேல் போகும்.

சிப்பரைத் தொடக்கத்தில் நாள் வாடகைக்கு எடுங்கள். 6 அங்குல சிப்பர் பல 750 கிலோ அளவில்தான் வரும், இங்கத்தைய கார் லைசன்ஸ் போதும். சிப்பைக் கொட்ட இரண்டு மூன்று இடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்: அலாட்மன்ட் என்ற வாடகைத் தோட்டத் துண்டு வைத்திருப்பவர்கள், குதிரை வளர்ப்பவர்கள் சும்மாவே எடுப்பார்கள். கழிவு ஏற்றிச் செல்ல அரசின் சுற்றாடல் அமைப்பான என்விரன்மன்ட் ஏஜென்சியில் பதிய வேண்டும். இன்னொன்று, ஈரக் கட்டையைச் சின்னப் பையில் போட்டு விறகென்று விற்கலாம் என நினைக்காதீர்கள். 2021 மே முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும், சான்றும் வேண்டும்.

விலைக்கு வருவோம். மரத்துக்கு இவ்வளவு என்று சொல்லாதீர்கள், நாளுக்கு இவ்வளவு என்று உங்களுக்குள் கணக்குப் போடுங்கள். ஒரே உயரத்தில், வேலிக்கு நடும் இரண்டு லேலாண்டி மரங்கள் என்று வையுங்கள். ஒன்று வாசலில் நிற்கிறது, சிப்பரைப் பக்கத்தில் விடலாம். மற்றது ஒட்டிக் கட்டிய வீட்டின் பின்வளவில். ஒவ்வொரு கிளையும் வீட்டுக்குள்ளால், கம்பளத்தின் மேல் துணி விரித்து, வர வேண்டும். இரண்டாவதுக்கு இரட்டிப்பு நேரம் போகும். அதனால் போனில் விலை சொல்லவே கூடாது. நேரில் போய் கேற்றின் அகலத்தை அளந்து, வாகனம் எங்கே நிறுத்துவது, கீழே கண்ணாடிக் கூடோ வயரோ இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள்.

நாள் கணக்கில் சம்பளம், எரிபொருள், சிப்பர் வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் வரவேண்டும். மழையும் காற்றும் கெடுக்கிற நாள்களுக்கும், விலை பார்க்க அலைகிற பின்னேரங்களுக்கும் கூட அதில் பங்கு வேண்டும். 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது, 8 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 98. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மரத்தடியில் நின்று வேலை செய்ய ஆள் வரும், ஏறத் தெரிந்தவர் வரமாட்டார். ஆள் வைத்தால் வேலையாளுக்குக் காயம் வந்தால் ஈடுகொடுக்கும் எம்ப்ளோயர்ஸ் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்குக் கட்டாயம், இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்ட் வரை தண்டம். வருட விற்பனை 90,000 தாண்டினால் வாட் என்ற விற்பனை வரி 20 சதவீதம் சேர்க்க வேண்டும். கூடுதலாக வருவது வீட்டுக்காரரின் பொக்கற்றிலிருந்து, அவரால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

எங்கள் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள்: 'எங்கட பிள்ளைதானே, குறைச்சுச் செய்யுங்கோ.' விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். கட்டைகளை வளவிலேயே விடுகிறோம், அடிக்கட்டையைத் தோண்டவில்லை, அதற்கு இவ்வளவு குறையும் என்று சொல்லுங்கள். கழிவும் அடிக்கட்டையும் தனித்தனி வரியாக எழுதியிருந்தால் இந்தப் பேச்சு சுலபமாகும்.

கத்தி வைக்க முன் கவுன்சிலில் பாருங்கள். பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டினால் வீட்டுக்காரரோடு நீங்களும் மாட்டுவீர்கள். கன்சர்வேஷன் ஏரியா என்று கவுன்சில் ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதியில் 1.5 மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த மரம் என்றால் 6 கிழமைக்கு முன் அறிவிக்க வேண்டும். பட்டுப்போன ஆஷ் மரத்தில் ஏறவே வேண்டாம். 2012இல் இங்கே இருப்பதாக உறுதிசெய்யப்பட்ட ஒரு நோயால் அந்த மரம் சொல்லாமல் முறிகிறது. ஆளைத் தூக்கும் மேடையை வாடகைக்கு எடுத்து, அதையும் விலையில் சேருங்கள்.

இப்போதைய வேலையை உடனே விட வேண்டாம். முதலாளியிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமைகளில் வாடகை சிப்பரோடு வேலியும் சின்ன மரங்களும் எடுங்கள், ஏறுகிற வேலை வந்தால் சான்றிதழ் உள்ளவர்களை நாள் கூலிக்குக் கூப்பிடுங்கள். விசா என்ன, எந்த ஊர் என்று எழுதினால் மிச்சம் சொல்கிறேன்.